நாகஜோதிக்கு வந்த கணக்குத் தாள்

திண்டுக்கல்,
ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து எழுதுவது.

அன்பு மகன் ரொனால்டுக்கு அம்மாவின் முத்தங்கள். நானும் அப்பாவும் உடம்பளவில் சுகம். நீயும் மருமகள் பிரின்சியும் மெல்போர்ன் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று காலையில் மாதா கெபியில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுத்தான் வந்தேன். உடம்பளவில் என்று ஏன் எழுதினேன் என்றால் மனசு சுகமில்லை. இரண்டு வாரமாக என் ஏழாம் வகுப்பில் மூன்றாவது பெஞ்சில் ஒரு பிள்ளையின் இடம் காலியாகக் கிடக்கிறது. பெயர் நாகஜோதி. உன் கம்பெனி அனுப்பிய கணக்குத் தாளை வாங்கிய அன்று வீட்டுக்குப் போனவள் திரும்பி வரவில்லை. இதைப் போனில் சொல்லலாமே என்பாய். போனில் பேசினால் மீட்டிங் என்று வைத்துவிடுகிறாய், வாய்ஸ் மெசேஜ் அனுப்பினால் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டிக் கேட்பதாக நீயே சொல்லிச் சிரித்திருக்கிறாய். கடிதத்தை அப்படி ஓட்ட முடியாது அப்பு. உட்கார்ந்து படி.

வீட்டுச் சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன், உன்னைத் திட்ட ஆரம்பித்தால் மறந்துபோவேன். போன வாரத்து மழையில் மாடியில் ஒரு இடத்தில் ஒழுகியது, அப்பா ஆள் வேண்டாம் என்று தானே ஏறி சிமெண்டு பூசினார், இப்போது இரண்டு இடத்தில் ஒழுகுகிறது. முழங்கால் வலிக்கு டாக்டர் ஏறி இறங்கக் கூடாது என்றதை அவர் கேட்கிற ஆளா. ரீட்டா சித்தி மகளுக்கு தாடிக்கொம்பு ரோட்டு மண்டபத்தில் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது, பதினோரு வகை வெஞ்சனம் வைத்தார்கள், எனக்கு ஒன்றும் இறங்கவில்லை. அப்பாதான், நீ சாப்புடாமக் கெடந்தா அந்தப் புள்ள வந்துருமாக்கும் என்று சத்தம் போட்டார். சித்தி உன்னைக் கேட்டாள். எப்போதும் எல்லாரிடமும் உன் வேலையைப் பற்றிப் பெருமை பேசிக்கொண்டு திரிகிற நான் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை.

ஜூன் மாதம் நீ கூப்பிட்டுச் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? அம்மா, புள்ளைங்களுக்குக் கணக்கு ஏன் கசக்குது தெரியுமா, அவங்க வாழ்க்கைக்கும் அதுக்கும் ஒட்டே இல்ல, நாங்க ஒவ்வொரு புள்ளைக்கும் அவங்க ஊரு, வீடு, புடிச்ச விஷயம் எல்லாம் வெச்சுக் கம்ப்யூட்டர்லயே தனித்தனியா கணக்கு எழுதித் தரப்போறோம், உங்க கிளாஸ்லதான் மொதல்ல பாக்கப்போறோம் என்றாய். எனக்குத் தலைகால் புரியவில்லை. முப்பத்தொரு வருஷமாக எவனோ ஒருவன் பத்து மாம்பழம் வாங்கி நாலு மாம்பழம் அழுகிப்போன கதையையே சொல்லி எனக்கே சலித்திருந்தது. வெள்ளிக்கிழமை தோறும் முப்பத்துநாலு தாள், ஒவ்வொன்றிலும் மேலே பிள்ளையின் பெயர், ஒரு வண்ணப் படம். முதல் வாரம் பிள்ளைகள் தாளைத் தூக்கிக்கொண்டு வராந்தாவில் ஓடினார்கள். தன் பெயரை அச்சில் பார்த்த சந்தோஷம். நானும் எச்.எம். அறைக்கு ஓடிப்போய்க் காட்டினேன், என் மகன் செய்தது என்று.

அப்புறம் பார்த்தால் என் வகுப்பு பாஸிலாவுக்கு முதல் வாரம் பிரியாணி, எத்தனை படி அரிசிக்கு எத்தனை கிலோ கறி என்று. சரி, திண்டுக்கல் பிள்ளைதானே என்று சிரித்தேன். இரண்டாவது வாரமும் பிரியாணி. மூன்றாவது வாரம் நோன்புக் கஞ்சி, நான்காவது வாரம் அத்தர் பாட்டில். அவள் அத்தா ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர், அவளுக்கோ வாலிபால் என்றால் உயிர், அவளுக்கும் அத்தருக்கும் என்னலே சம்பந்தம்? டீச்சர், எங்க வீட்டுல ஞாயித்துக்கிழம மட்டுந்தேன் பிரியாணி, மத்த நாளெல்லாம் ரசஞ்சோறுதேன், இந்தக் கம்ப்யூட்டருக்கு யாராச்சும் சொல்லுங்க என்றாள். ரெட்டியார்சத்திரத்திலிருந்து பஸ்ஸில் வருகிற கருப்புசாமிக்கு வாராவாரம் மாடு. அவன் எழுந்து நின்று, டீச்சர் எங்கப்பா செல்போன் கடை வெச்சிருக்காரு, வீட்டுல ஒரு கன்னுக்குட்டி கூடக் கெடையாது, இதோட எனக்குப் பதினேழு மாடு வந்துருச்சு, எங்க கட்டுறது என்று கேட்டான். வகுப்பே உருண்டு சிரித்தது. அன்றைக்கே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை, மகன் செய்ததாயிற்றே.

இரண்டு வாரத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை நாகஜோதிக்கு வந்த தாளை அப்படியே எழுதுகிறேன், நீ படித்துத்தான் ஆக வேண்டும். நாகஜோதியின் அப்பா வேலை செய்யும் கழிவுநீர் லாரியில் 4,000 லிட்டர் கொள்ளும். ஒரு வீட்டு செப்டிக் டேங்கில் 2,600 லிட்டர் கழிவு இருக்கிறது. பதினைந்து வீடுகளின் கழிவையும் அகற்ற லாரி எத்தனை முறை போய்வர வேண்டும்? இதற்கு மேலே ஒரு லாரிப் படம். அந்த லாரிக்குக் கண்ணும் வாயும் வரைந்து சிரிக்க வைத்திருந்தீர்கள். சீ! நான் போர்டில் எழுதிக்கொண்டிருந்தேன். பக்கத்து பெஞ்ச் மதியழகன் அவள் தாளைப் பிடுங்கி சத்தமாக வாசித்தான், வாசித்துவிட்டு மூக்கைப் பிடித்துக்கொண்டான். திரும்பிப் பார்க்கிறேன், பாதி வகுப்பு மூக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. நான் என்ன செய்தேன் தெரியுமா? அமைதியா இருங்க என்றேன். அம்புட்டுத்தான். முப்பத்தொரு வருஷ சர்வீஸ், வாயில் வந்தது அந்த இரண்டு வார்த்தை. நாகஜோதி தாளைத் திரும்ப வாங்கினாள், கணக்கைப் படிப்படியாகப் போட்டாள், ஒன்பதே முக்கால் வரும், ஆனால் முக்கால் நடை கிடையாது என்பதால் பத்து என்று சரியாக எழுதி என் மேஜையில் வைத்தாள். பெல் அடித்ததும் பையை எடுத்துக்கொண்டு போனாள். அழவில்லை. அழுதிருந்தால் கூட எனக்கு இவ்வளவு அறுக்காது.

திங்கட்கிழமை வரவில்லை, செவ்வாய் வரவில்லை. ஸ்டாஃப் ரூமில் சயின்ஸ் எடுக்கிற செபாஸ்தியம்மாள் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே, உள்ளதத்தான கேட்ருக்கு, இல்லாததையா கேட்ருச்சு என்கிறாள். எச்.எம். அதற்கு மேல், விடுங்க டீச்சர், அந்தப் புள்ளைங்க நாலு நாள் வரும் நாலு நாள் வராது என்கிறார். நாகஜோதி ஆறாம் வகுப்பில் ஒரு நாள் கூட லீவு போடாதவள், அட்டெண்டன்ஸைப் புரட்டிப் பார்க்கக் கூட அந்த மனுஷனுக்குக் கை வரவில்லை. அவர்களை விடு. பெற்றவள் கூப்பிட்டு இப்படி ஆகிப்போச்சுடா என்று அழுதால் நீ என்ன சொன்னாய்? அது ஒரு எட்ஜ் கேஸ்ம்மா, டீம்கிட்ட சொல்றேன், மத்தபடி ரிசல்ட் சூப்பரா இருக்கு என்றாய். எட்ஜ் கேஸாம், எங்கோ ஓரத்தில் நடந்த பிசகாம்! மூன்றாவது பெஞ்சில் நட்டநடுவில் உட்கார்ந்திருந்த பிள்ளை ஏலே அது. ஓரத்தில் அவளை உட்காரவைத்தது யார்? நீ டீமிடம் சொல்லிய லட்சணம் அடுத்த வெள்ளிக்கிழமை தெரிந்தது. அவள் வராத வகுப்புக்கும் அவள் பெயரில் தாள் வந்தது, இந்த முறை ப்ளீச்சிங் பவுடரும் வாளியும். யார் கண்ணிலும் படுவதற்கு முன் சுக்குநூறாகக் கிழித்தேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன், நம் மகன் அனுப்பியதைத் தொட்டுவிட்டுக் கை கழுவுகிறோமே என்று அதற்கு வேறு தனியாக அழுதேன்.

அன்றைக்குப் போனில் நீ இன்னொன்று கேட்டாய், அவங்க வீட்டு வெவரத்த யாரும்மா எழுதிக் குடுத்தது என்று. நான் பதில் சொல்லாமல் கட் பண்ணினேன். சிக்னல் இல்லை என்று அப்புறம் மெசேஜ் போட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. எழுதிக் கொடுத்தது நான். ஜூன் மாதம் நீ கம்ப்யூட்டரில் அனுப்பிய படிவத்தில் பெயர், ஊர், மதம், தகப்பன் தொழில், பிடித்த விஷயம் என்று கட்டம் கட்டமாக இருந்தது, ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் சிவப்பு எழுத்துக் காட்டி அடுத்த பக்கம் போக விடாது. அன்றைக்குள் அனுப்பச் சொன்னாய். சாயங்காலம் நாலு மணி, பஸ் பிள்ளைகள் கிளம்பியாயிற்று. இங்கே எந்தப் படிவம் வந்தாலும் நாங்கள் செய்கிற வேலைதான், பீரோவிலிருந்து அட்மிஷன் ரெஜிஸ்தரை எடுத்து வைத்துக்கொண்டு மளமளவென்று பார்த்து எழுதுவது. ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது எழுதினது, அதை அப்புறம் எவரும் திருத்துவதில்லை. கருப்புசாமிக்கு விவசாயம் என்று இருந்தது, அப்படியே போட்டேன், அங்கிருந்துதான் அந்தப் பதினேழு மாடும் வந்திருக்கிறது. பிடித்த விஷயம் என்ன என்று அன்று காலையில் வகுப்பில் கேட்டிருந்தேன், சத்தம் போடுகிறவர்கள் சொன்னார்கள், பதினோரு பிள்ளைகள் பேசாமல் இருந்தார்கள். அந்தப் பதினோரு பேருக்கும் பிடித்த விஷயம் என்ற கட்டத்தில் தகப்பன் தொழிலையே திரும்ப எழுதினேன். நாகஜோதிக்குப் பிடித்த விஷயம் செப்டிக் டேங்க் கிளீனிங் என்று இந்தக் கையால் எழுதினேன் ரொனால்டு. முக்கால் மணி நேரத்தில் முப்பத்துநாலு பேரையும் முடித்துவிட்டு டீ குடிக்கப் போனேன். உன் மெஷின் கண்டபடி கக்கியது என்று சொல்லி நான் தப்பிக்க முடியாது, நான் கொடுத்ததைத்தான் அது படம் போட்டு அனுப்பியிருக்கிறது. என்னை நினைத்தால்தான் எனக்கு அதிகம் அருவருப்பாக இருக்கிறது.

நேற்று சனிக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். அப்பா ஸ்கூட்டரில் கொண்டுபோய்க் காலனி முனையில் விட்டார். நாகஜோதியின் அம்மா மாயம்மாள் வாசலில் வெங்காயம் ஆய்ந்துகொண்டிருந்தாள். உட்காருங்கள் என்று சொல்லவில்லை, சொல்லாததும் நியாயம்தான். என்னத்துக்கு டீச்சர் வந்தீக, இன்னும் எதுவும் கணக்கு பாக்கி இருக்கா என்றாள். நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் கையை நிறுத்தாமலே சொன்னாள், எம் புருசன் அந்த வேலைய விட்டு ஆறு வருசம் ஆச்சு, இவள ஒண்ணாப்பு சேத்த அன்னிக்கு ரெஜிஸ்தர்ல எழுதுனதக் கேட்டுட்டு வெளிய வந்து, எம் மக பேருக்குப் பக்கத்துல இது நிக்கக் கூடாதுன்னு அந்த மாசத்தோட விட்டுட்டாரு, வெங்காய மார்க்கெட்டுல மூட்ட தூக்குறாரு, முதுகு போச்சு, பரவால்லன்னு தூக்குறாரு, அவரு கழட்டிப் போட்டத எடுத்து எம் புள்ள மேல மாட்டிட்டீகளே என்றாள். அவர் விட்டுவிட்டதை நாங்கள் விடவில்லை, பீரோவில் பூட்டிப் பத்திரமாக வைத்திருந்திருக்கிறோம்.

உள்ளே நாகஜோதி போன வருஷப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பின்பக்கத்துக் கணக்குகளைப் போட்டுக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்துக்கு வராதவள் கணக்குப் போடுகிறாள். பக்கத்தில் உட்கார்ந்தேன். இத்தனை நாள் கேட்காததைக் கேட்டேன், உனக்கு என்ன தாயி புடிக்கும் என்று. கணக்குதேன் டீச்சர் புடிக்கும் என்றாள். கணக்குல என்ன என்று கேட்டேன். பென்சிலைக் கீழே வைத்தாள். அப்புறம், எக்ஸ்னு ஒண்ணு வருதுல்ல டீச்சர், அது யாரு, எந்தத் தெரு, அவுங்கப்பா என்ன பண்றாருன்னு யாரும் கேக்க மாட்டாக, வெடை சரியா வந்தாப் போதும், அதேன் எனக்குப் புடிச்சுச்சு, அதுலயும் எங்க வீட்டக் கொண்டாந்துட்டீக என்றாள். பன்னிரண்டு வயசுப் பிள்ளை. நீயும் உன் கம்பெனியும் ஒட்டு இல்லை, ஒட்டு இல்லை என்று சொல்லி ஒட்டவைக்கப் பார்த்தீர்களே, அந்த ஒட்டு இல்லாத இடத்தில்தான் இந்தப் பிள்ளை மூச்சு விட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

அதைக் கேட்டதும் என் வாயிலிருந்து ஒரு விஷயம் வந்துவிட்டது. நாற்பத்தைந்து வருஷமாக யாரிடமும் சொல்லாதது. உன்னிடமும் சொல்லாதது. உன் தாத்தா சவரிமுத்து தோல் பதனிடுகிற ஷாப்பில் சூப்பர்வைசராக இருந்தார் என்று சொல்லித்தான் உன்னை வளர்த்தேன். அவர் சூப்பர்வைசர் இல்லை. சுண்ணாம்புத் தொட்டியில் ஊறின தோலை இழுத்துப் போட்டு மயிர் சுரண்டுகிற வேலை, கல்யாணத்துக்கு முன்னாலிருந்து சாகிற வரைக்கும் அதுதான். சாயங்காலம் வந்து மூன்று தடவை சோப்புப் போட்டுக் குளித்தாலும் அந்த வாடை போகாது. நான் ஆறாம் வகுப்பு படிக்கும்போது ஒரு வாத்தியார், ரோசு, ஒங்கப்பன் நாளைக்கு எத்தன தோல் சொரண்டுவான் என்று கேட்டார். பதினாறு என்றேன். அப்ப வாரத்துக்கு? தொண்ணூத்தாறு என்றேன். ஏழு பதினாறு நூத்திப் பன்னெண்டுல்ல என்றார். ஞாயித்துக்கெழம பூசைக்குப் போவாரு சார் என்றேன். பின்னாலிருந்து ஒருத்தன், குளிச்சிட்டுப் போவாரான்னு கேளுங்க சார் என்றான். வாத்தியாரும் சேர்ந்து சிரித்தார். அந்த வாத்தியாரும் கணக்கை எங்கள் வாழ்க்கையோடு ஒட்டவைக்கத்தானே பார்த்தார், நீ செய்வதற்கு முன்னாலேயே. அன்றைக்கு முடிவு பண்ணினேன், அப்பா வேலையை யாரிடமும் சொல்வதில்லை என்று. உன் அப்பாவுக்குக் கல்யாணம் பேசும்போதே தெரியும், உனக்குச் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கினவள் நான். போன வருஷம் மேடையில் கோட்டுப் போட்டுக்கொண்டு நின்று, என் தாத்தா தோல் தொழிற்சாலையை நிர்வகித்தவர் என்று நீ பேசின வீடியோவை நான் சொந்தக்காரர் எல்லாருக்கும் அனுப்பினேன். பொய் என்று தெரிந்தேதான் அனுப்பினேன்.

இதையெல்லாம் அந்தப் பிள்ளையிடம் சொல்லிவிட்டு நிமிர்ந்தால், அவள் அசையாமல் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இத நம்ம கிளாஸ்ல சொல்லுவீகளா டீச்சர் என்று கேட்டாள். பொய்க்குக் கூட ஆமாம் என்று வரவில்லை எனக்கு. பாப்போம் தாயி என்று எழுந்து வந்துவிட்டேன். வருகிற வழியெல்லாம் என் மேலேயே எனக்குத் துப்பத் தோன்றியது. அவளுக்கு நான் எழுதியது நாலு பேர் கண் முன்னால் அச்சாகி வந்தது, என்னுடையது மட்டும் வெளியே வரக் கூடாதாக்கும். ராத்திரி ஜெபம் சொல்லக் கூட வாய் வரவில்லை. காலையில் பூசையிலிருந்து வந்ததும் பேனாவை எடுத்தேன், முதலில் உன்னிடம் எழுதிப் பார்க்கலாம், கை கூசாமல் வருகிறதா என்று. கூசியது. ஆனாலும் எழுதிவிட்டேன், மேலே இருக்கிறது.

நாளைக்கு முதல் பீரியட் கணக்கு. ப்ரேயர் முடிந்து வந்ததும் சொல்லப்போகிறேன், படிவத்தை எழுதியது நான்தான் என்பதையும், என் அப்பா யார் என்பதையும். மதியழகன் மூக்கைப் பிடித்தால் பிடிக்கட்டும். மூன்றாவது பெஞ்சில் அவள் வந்து உட்கார்ந்திருப்பாளா, தெரியாது. வராவிட்டாலும் சொல்வேன், வகுப்பில் சொல்லிவிட்டேன் என்று அவள் வீட்டுக்கே போய் அவளிடமும் சொல்வேன். நான் என் வாயால் சொல்வது வேறு, உன் மெஷின் ஒரு பிள்ளையின் தலைக்கு மேல் அச்சடிப்பது வேறு, இந்த வித்தியாசம் புரியாவிட்டால் நீ எந்த ஊரில் எந்த வேலை பார்த்தும் பிரயோஜனமில்லை. உன் தாள் இனி என் வகுப்புக்கு வேண்டாம். போன வியாழக்கிழமை வெறும் தாள் கொடுத்து நீங்களே ஒரு கணக்கு எழுதுங்கள் என்றேன், பாஸிலா வாலிபால் கோர்ட்டுக்கு வலை கட்டுகிற கயிறு எவ்வளவு வேண்டும் என்று எழுதினாள், கருப்புசாமி செல்போனில் பன்னிரண்டு சதவீதம் சார்ஜ் இருந்தால் ரெட்டியார்சத்திரம் போய்ச் சேருகிற வரைக்கும் கேம் விளையாடலாமா என்று எழுதினான். அத்தரும் இல்லை, மாடும் இல்லை. இரண்டு பிள்ளைகள் ஒன்றும் எழுதாமல் வெறும் தாளைத் திருப்பிக் கொடுத்தார்கள், அதையும் வாங்கி வைத்துக்கொண்டேன், சொல்லப் பிரியமில்லை என்றால் அதுவும் அவர்கள் இஷ்டம்.

நீ கெட்டவன் இல்லை, நல்லது நினைத்துத்தான் செய்தாய், அது எனக்குத் தெரியும், தெரிந்துதான் இவ்வளவு திட்டுகிறேன். பிரின்சியை அதட்டாதே. தலைக்கு எண்ணெய் வை, ஞாயிற்றுக்கிழமை பூசையைத் தவறவிடாதே. ஆண்டவர் உன் கையையும் உன் புத்தியையும் ஆசீர்வதிக்கட்டும், சூசையப்பர் துணையிருக்கட்டும், நம் மாதா உங்கள் இருவரையும் தன் முந்தானைக்குள் வைத்துக்கொள்ளட்டும். மறக்காமல் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. இந்தக் கடிதம் கையில் கிடைத்த அன்றே உன் படிவத்தில் இருக்கிற அந்தத் தகப்பன் தொழில் கட்டத்தை எடுத்துவிடு, மதக் கட்டத்தையும் சேர்த்து. டீமிடம் சொல்லுகிறேன் என்று எனக்குச் சொல்லாதே. எடுத்துவிட்டேன் என்று எழுது.

இப்படிக்கு,
தோல் ஷாப்பில் தோல் சுரண்டிய சவரிமுத்துவின் மகள்,
உன் அம்மா
ரோஸ்மேரி